பச்சைப் பொட்டுக்காகப் பேனர் ஏறினேன்

ஊரையே கேலி செய்து திரிகிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. அவன் நிஜமாகவே பயந்து நடுங்கும்போது யாரும் நம்பமாட்டார்கள். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பன்னிரண்டு அடி மூங்கிலின் உச்சியில் தொங்கிக்கொண்டு நானாகவே தெரிந்துகொண்டேன். காரணம் ஒரு ரொட்டி. அதுவும் முழு ரொட்டிகூட இல்லை, குறுக்கே வெட்டிய முக்கோண ரொட்டி.

என் பெயர் வேடியப்பன். ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். கொஞ்சம் சாமை, நாலு புளியமரம், ஒரு ஜீப். மலைக்கும் திருப்பத்தூருக்குமாக ஆள் ஏற்றிப் போய் வருவேன். என் ஜீப்பில் ஏறிய யாரையும் நான் கேலி செய்யாமல் இறக்கிவிட்டதில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் கேலி செய்வேன். சாவு வீட்டில் பிணத்தைத் தவிர மற்ற எல்லோரையும் கேலி செய்வேன். (பிணத்தை விட்டுவைப்பது மரியாதைக்காக இல்லை. அது சிரிக்காது, அதனால்.)

இப்படிப்பட்டவன் தலையில்தான் அந்த வருடத்து அம்மன் கரகம் வந்து விழுந்தது.

எங்கள் ஊரில் கரகம் யார் தூக்குவது என்று மனிதர்கள் முடிவு செய்வதில்லை. அம்மன் தலையில் ஒரு பூவை வைத்து, பங்காளிகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுவார்கள். யார் பெயருக்குப் பூ வலப்பக்கம் விழுகிறதோ அவன் தூக்க வேண்டும். ஆறு பேர் பெயருக்கு அந்தப் பூ ஆணி அடித்தது போல உட்கார்ந்திருந்தது. ஏழாவதாக என் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சொத்தென்று விழுந்தது. பூசாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, எதற்கும் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்றார். கேட்டார்கள். முன்னைவிடச் சீக்கிரம் விழுந்தது.

நாற்பத்தொன்பது வயதில் முதல் தடவையாக ஊர் என்னை நம்பி ஒன்றைக் கொடுக்கிறது. என் மனைவி செல்வி அன்று வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"நான் வேற ஒண்ணும் கேக்கல. இந்த ஒரு தடவ ஊரு உங்களப் பாத்து சிரிக்காம இருக்கட்டும். அது போதும் எனக்கு."

சரி என்றேன். சத்தியமாகத்தான் சொன்னேன்.

காப்பு கட்டினார்கள். மணிக்கட்டில் மஞ்சள் துணி, எட்டு நாள் விரதம். கறி, மீன், முட்டை ஊருக்கே கிடையாது. எங்கே போனாலும் விளக்கு வைப்பதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும். கரகம் தூக்குகிறவனுக்குக் கூடுதலாக ஒரு கட்டு: தன் வீட்டு அடுப்பைத் தவிர வேறு அடுப்பில் வெந்ததைத் தொடக்கூடாது. (டீக்கும் பன்னுக்கும் மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கு இல்லாவிட்டால் எங்கள் ஊரில் எந்த விரதமும் இரண்டாம் நாளைத் தாண்டாது.) தப்பு நடந்துவிட்டால் ஊர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். கரகம் வேறு ஆளுக்குப் போய்விடும். அப்புறம் காலத்துக்கும், கரகத்தைக் கோட்டைவிட்டவன் என்று பேர்.

ஆறு நாள் நான் தங்கமாக இருந்தேன். ஏழாம் நாள் காலை, எலுமிச்சம்பழமும் மல்லிகைப்பூவும் வாங்க ஜீப்பை எடுத்துக்கொண்டு திருப்பத்தூர் இறங்கினேன். கூட என் மச்சான் சேட்டு. செல்வியின் தம்பி. அவன் பக்கத்து ஊர்க்காரன், அவனுக்குக் காப்பு கிடையாது. அவன் ஒரு சினிமா ஹீரோவின் ரசிகர் மன்றத்துக்கு மலைக் கிளைத் தலைவர். கிளையில் மொத்தம் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவன் போன வருடம் வேறு ஹீரோவுக்கு மாறிவிட்டான். (ஹீரோவின் பெயரைச் சொல்லமாட்டேன். நான் அந்தக் கிளைத் தலைவருடைய அக்கா கையால் சாப்பிட வேண்டியவன்.)

மலை இறங்கும் வழியெல்லாம் சேட்டு ஒரே செய்தியைத்தான் சொல்லிக்கொண்டு வந்தான். ஹீரோ இப்போது தன் பெயரிலேயே சாண்ட்விச் போடுகிறாராம். செய்து, பெட்டியில் அடைத்து, கடைக்கு அனுப்பிவிடுகிறாராம். வாங்கிப் பிரித்து அப்படியே கடிக்க வேண்டியதுதானாம். அது திருப்பத்தூரில் புதிதாகத் திறந்த பெரிய கடைக்கு வந்துவிட்டதாம். இரண்டாவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும் நான் கிண்டல் செய்தேன். ஐந்தாவது வளைவில் எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது. ஆறு நாளாகச் சாமைச்சோறும் பருப்பும் தின்ற நாக்கு அது, நான் என்ன செய்ய?

கடைக்குள் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே விளக்கு எரிகிறது. அந்த வெளிச்சத்தில் வரிசை வரிசையாக முக்கோண டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஓர் அட்டை உறை. அட்டையில் ஹீரோ, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சாண்ட்விச்சைக் கடிக்கப்போகிறார். கடித்துவிடவில்லை. கடிப்பதற்கு முந்திய அந்த நொடியிலேயே நிற்கிறார். பார்க்கிறவனுக்குத் தவிப்பாக இருந்தது. சேட்டு செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

நான் ஒரு டப்பாவை எடுத்தேன். ஐஸ் மாதிரி ஜில்லென்று இருந்தது. அங்கேதான் என் மூளை வேலை செய்தது. என் மூளை வேலை செய்யும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஏதாவது உடையும்.

"மச்சான், இத தொட்டுப் பாரு. இதுல அடுப்பு எங்கடா கீது?"

"இன்னா மாமா சொல்ற?"

"ஜில்லுனு கீதுடா. அடுப்பையே பாக்காத பொருளு. வேற அடுப்புல வெந்ததுதான் தொடக்கூடாது. இது பழத்துக்குச் சமம்."

"ரொட்டி வெந்திருக்குமே?"

"ரொட்டி யாரு? பன்னுக்குக் கூடப்பொறந்தவன். பன்னுக்கு ஊரே விலக்கு குடுத்திருக்குது."

சேட்டு என்னை ஒரு வக்கீலைப் பார்ப்பது போலப் பார்த்தான். வாங்கிவிட்டோம்.

கடைக்கு வெளியே ஜீப்பில் உட்கார்ந்து பிரித்தோம். பிரிப்பதற்கு ஓரத்தில் ஒரு வால் இருக்கும், அதைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று சேட்டு சொன்னான். நான் தப்பான வாலை இழுத்தேன். உள்ளே இருந்த தக்காளி துள்ளி ஸ்டீயரிங்கில் ஒட்டியது. (அதையும் எடுத்துத் தின்றேன். என் ஜீப், என் ஸ்டீயரிங்.) டப்பாவுக்குள் இரண்டு முக்கோணம். நடுவில் ஏதோ பச்சை இலை, வெள்ளரி, தக்காளி, எல்லாவற்றையும் பிடித்து நிறுத்த வெள்ளையாக வழவழவென்று ஒரு பூச்சு.

முதல் கடி கடித்தேன். ஐயா, அந்தப் பூச்சு! புளிப்பா என்றால் புளிப்பு, இனிப்பா என்றால் இனிப்பு. உப்பும் உண்டு. நாக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே ஓடுகிறது. வெண்ணெயாக இருக்கும் என்றேன். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள் என்றேன். வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டே, இந்த மனுஷன் நடிப்பை விட்டுவிட்டு இதை மட்டும் செய்தால்கூட ஊர் உலகம் கொண்டாடும் என்று பேசினேன். சேட்டு தன் முக்கோணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடி கடித்தான். பழைய சோற்றைத் தவிர ஜில்லென்று எதையும் தின்று பழகாதவன், தலைவர் மன்னிக்கணும் என்று சொல்லி என்னிடமே நீட்டிவிட்டான். அவனுக்கு வேண்டியது அட்டை. அதைச் சட்டையில் துடைத்து, நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டான். அவன் பங்கையும் நான் தின்றேன். டப்பாவின் மூலையில் ஒட்டியிருந்த பூச்சை விரலால் வழித்து நக்கினேன். மலை ஏறும்போது ஹாரனைப் பாட்டு மாதிரி அடித்துக்கொண்டு வந்தேன்.

மத்தியானம் வீட்டில் செல்வி இல்லை. பொங்கல் அரிசி புடைக்கக் கோயிலுக்குப் போயிருந்தாள். மகள் புவனா மட்டும் இருந்தாள். வேலூரில் நர்சிங் படிக்கிறாள், திருவிழாவுக்காக வந்திருந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் எப்படி வேடியப்பன்? ஹீரோவின் சாண்ட்விச்சைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னேன். அவளும் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அந்த வெள்ளைப் பூச்சு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அப்பா. அது மயோனைஸ்."

"பேரு இன்னாவோ இருக்கட்டும், ருசி..."

"முட்டைல பண்றதுப்பா."

எனக்கு முதலில் கை போனது மணிக்கட்டுக்கு. காப்பைத் துண்டால் மூடினேன். யாரிடமிருந்து மறைத்தேன், எதற்கு மறைத்தேன் என்று கேட்காதீர்கள். உட்கார்ந்திருந்தவன் எழுந்தேன். எழுந்தவன் உட்கார்ந்தேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே ஒரு கோழி நடப்பது போல இருந்தது. செல்வியின் கலங்கிய கண் ஞாபகம் வந்தது. அது வந்ததும் கோழி ஓட ஆரம்பித்தது.

புவனா என்னைப் பிடித்து உட்காரவைத்து விளக்கினாள். இப்போதெல்லாம் முட்டை இல்லாமலும் அந்தப் பூச்சைச் செய்கிறார்களாம். எது எப்படி என்று உறையிலேயே குறி இருக்குமாம். பச்சைப் பொட்டு இருந்தால் முட்டை இல்லை. செங்காவி நிறத்தில் குறி இருந்தால் முட்டையோ கறியோ இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு, காப்பு கட்டிக்கொண்டு ஒரு மனுஷன் இப்படியா நாக்கை அலையவிடுவது என்று எனக்கு ஒரு நீண்ட புத்திமதியும் சொன்னாள். தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன். பெற்ற பெண்ணிடம் திட்டு வாங்குகிற அளவுக்கு ஆகிவிட்டதே என்று அழுகையே வந்தது.

போனில் தேடிப் பார்க்கிறேன் என்று சிக்னல் பாறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். எங்கள் ஊரில் போன் பேச வேண்டுமென்றால் அந்தப் பாறைமேல் ஏறிக் கிழக்கே பார்த்து நிற்க வேண்டும். வட்டம் சுற்றியது, சுற்றியது. ஹீரோவின் தலைமுடி மட்டும் வந்தது. நெற்றி வருவதற்குள் சிக்னல் போய்விட்டது. அவள் அங்கேயே நின்று போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுமை இல்லை. உறை யாரிடம் இருக்கிறது? சேட்டுவிடம். சேட்டு எங்கே?

சேட்டு தன் ஊருக்கு மைக்செட் எடுத்துவரப் போய்விட்டான். போவதற்கு முன் ஒரு காரியம் செய்துவிட்டுப் போயிருந்தான். ஊர் முகப்பில் அவனுடைய மன்றத்தின் சார்பில் திருவிழா பேனர் ஒன்று, இரண்டு உயர மூங்கில்களுக்கு நடுவே கட்டியிருந்தது. ஒரு பக்கம் அம்மன், ஒரு பக்கம் கை நீட்டி எல்லோரையும் வரவேற்கிற ஹீரோ. அந்த நீட்டிய கையில் சரியாகப் பொருந்துகிற மாதிரி, சாண்ட்விச் அட்டையை ஒட்டிவிட்டிருந்தான். கீழேயிருந்து பார்த்தால் ஹீரோ அம்மனுக்குச் சாண்ட்விச் நீட்டுவது போல இருந்தது. அட்டையின் முன்பக்கம் முழுக்க ஹீரோ முகம், அவ்வளவுதான். பொட்டு இருந்தால் பின்பக்கத்தில் இருக்க வேண்டும். பின்பக்கம் பசை போட்டு பேனரோடு ஒட்டியிருந்தது. அது போதாதென்று நாலு ஓரத்திலும் டேப் வேறு.

ஊரே காலியாக இருந்தது. ஏழாம் நாள் பிற்பகலில் எல்லோரும் சுனைக்குப் போய்க் கால் கழுவி வருவது வழக்கம். கரகம் தூக்குகிறவன் மட்டும் போகக்கூடாது, மறுநாள்தான் அவன் சுனையைப் பார்க்க வேண்டும். ஆகவே அரை மணி நேரம் எனக்கு. ஏணியை சீரியல் லைட் போடுகிறவர்கள் கொண்டுபோயிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூங்கிலைப் பிடித்து ஏறினேன்.

உயரம் என்றால் எனக்கு ஆகாது. கொண்டை ஊசி வளைவில் ஜீப்பை ஒரு கையால் திருப்புகிறவன்தான், ஆனால் வீட்டுப் பரணில் ஏறச் சொன்னால் தலை சுற்றும். குறுக்குக் கட்டைகளில் கால் வைத்து எப்படியோ உச்சிக்குப் போய்விட்டேன். ஒரு கையால் மூங்கிலைக் கட்டிக்கொண்டு, மறு கையின் நகத்தால் அட்டையைச் சுரண்டினேன். மூங்கில் ஆடியது. நானும் ஆடினேன். யார் யாரை ஆட்டினோம் என்று தெரியவில்லை. ஒரு ஓரத்து டேப் வந்தது. அதைப் பல்லில் கடித்துக்கொண்டேன். நுணுக்கமான வேலை செய்யும்போது எனக்கு நாக்கு வெளியே வந்துவிடும், சின்ன வயசுப் பழக்கம். இப்போது என்னைக் கீழேயிருந்து பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மஞ்சள் வேட்டி, நெற்றி நிறையக் குங்குமம், மணிக்கட்டில் காப்பு, உடம்பெல்லாம் வியர்வை, வெளியே தொங்குகிற நாக்கு, தலை முதல் கால் வரை நடுக்கம், கை நகத்தால் ஹீரோவின் முகத்தைக் கீறிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் வந்தது பம்பைக்காரர் முனிரத்தினம். அரை மணி நேரம் ஆவதற்கு முன்னாலேயே சுனையிலிருந்து திரும்பிவிட்டார்கள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோளில் தொங்கிய பம்பையை முன்னால் இழுத்து அடிக்க ஆரம்பித்துவிட்டார். பின்னால் வந்த பெண்கள் குலவையிட்டார்கள். ஆத்தா வந்துட்டா, கரகக்காரன் மேல ஆத்தா வந்துட்டா என்று சத்தம். ஒரு நிமிடத்தில் மொத்த ஊரும் மூங்கிலுக்குக் கீழே.

நான் கத்தினேன். நான்தான் வேடியப்பன், ஒன்றுமில்லை, இதோ இறங்குகிறேன் என்று கத்தினேன். பல்லுக்கு நடுவில் டேப் இருந்ததால் சத்தம் வேறு மாதிரி வந்தது. ஆத்தா கோபமாக இருக்கிறாள் என்று குலவை இன்னும் பெரிதானது. யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை என் கால்வரை எட்டும்படி மூங்கில்மேல் வீசி ஊற்றினார்கள். குளிரட்டும் என்று இன்னொருத்தி ஊற்றினாள். கால் வைத்து ஏறிய கட்டையெல்லாம் வழுக்கத் தொடங்கியது. ஏறிய வழியும் போய்விட்டது.

ஊர்க்கவுண்டர் முன்னால் வந்தார். அது எங்கள் மலையில் ஊர்த்தலைவர் பதவி. அவர் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "டேய்" என்று மட்டும்தான் கூப்பிடுவார். அன்று என்னைப் பார்த்துக் கைகூப்பி நின்றார்.

"தாயே. எங்க தப்பு நடந்துச்சு, வாய் தொறந்து சொல்லு. இன்னா கொறை உனுக்கு?"

அந்த நேரத்தில் ஒன்று தோன்றியது. இதை இப்படியே விட்டுவிடலாம். இரண்டு சுற்று உறுமிவிட்டு இறங்கினால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. ஆனால் கீழே கூட்டத்தில் செல்வி நின்றிருந்தாள். ஊர் முன்னால் நான் சிரிப்புக்கு இடமாகக் கூடாது என்று கேட்டவள். அவள் முகத்தைப் பார்த்தபோது பொய் சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிடலாம், கரகம் போனால் போகட்டும் என்று டேப்பைத் துப்பிவிட்டு வாயைத் திறந்தேன். ஒரே ஒரு வார்த்தைதான் வெளியே வந்தது.

"முட்டை."

அதற்குமேல் இருமல்.

பம்பை பாதி அடியில் நின்றது. நான் இருமி முடித்து, தின்னது நான்தான் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், முனிரத்தினம் பம்பையைக் கழற்றி வைத்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மூன்றாம் நாள் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஆம்லெட் சாப்பிட்டுவிட்டாராம். ஒன்றா என்று பூசாரி கேட்டார். இரண்டு என்றார். பக்கத்திலிருந்த ஒரு பெண், பேத்தி பிறந்தநாள் கேக்கு, ஒரே துண்டு, குழந்தை ஊட்டியது, மறுக்க முடியவில்லை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பூசாரி அடுத்த கேள்வி கேட்கவில்லை. அவரும் குனிந்து மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார், ஆனால் என்ன தின்றார் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

ஊர்க்கவுண்டர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"நோட்டீஸ் அடிக்கப் போனப்ப ஒரு முட்டை பப்ஸ், தாயே. மேல் மாவத்தான் தின்னேன். முட்டைய நாய்க்குப் போட்டுட்டேன்."

மூங்கில் வழுக்கிய பயத்தில் எனக்குக் கண் பிதுங்கியது, அவருக்கு அது முறைப்பாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"பாதி முட்டைய," என்றார்.

மேலே தொங்கிக்கொண்டு நான், எத்தனை வருடமாக இந்த ஊரைக் கேலி செய்கிறேன், இவ்வளவு நல்ல தகவல் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தபோது செல்வி முன்னால் வந்தாள். அவள் அழுதுகொண்டே கைகூப்பினாள்.

"ரெண்டாம் நாளு, பொண்ணு ஆஸ்டல்ல இருந்து எலும்புந்தோலுமா வந்து நின்னா ஆத்தா. மனசு கேக்கல. ரெண்டு முட்டைய அவிச்சுக் குடுத்துட்டேன். நானும் அவ குடுத்த பாதிய வாயில போட்டுக்கினேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த மனுஷனுக்கு இது தெரியாது ஆத்தா. அவருகிட்ட சொல்லிடாத."

சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

கூட்டத்தின் பின்னால், பாறையிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்திருந்த புவனாவைத் தேடினேன். எனக்கு நாக்கைப் பற்றிப் புத்திமதி சொன்ன அந்த நர்ஸ், துப்பட்டாவால் முகத்தை முழுசாக மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

இதற்கிடையில் என் நகம் தன் வேலையை விடவில்லை. அட்டை டர்ரென்று கிழிந்து கையோடு வந்தது, ஹீரோவின் மூக்கு மட்டும் பேனரிலேயே தங்கிவிட்டது. திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தாக ஏதேதோ. கீழே ஓரத்தில், பசைக்கு நடுவில், சின்னதாக ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஒரு பொட்டு. பச்சை. இலைப் பச்சை.

என்னை மறந்துவிட்டேன். "பச்சை! பச்சை!" என்று கத்தினேன். இரண்டு கையையும் தூக்கிக் கத்தினேன். இரண்டு கையையும் தூக்கினால் மூங்கிலை யார் பிடிப்பது? மஞ்சள் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு பன்னிரண்டு அடியையும் ஒரே மூச்சில் இறங்கி முனிரத்தினத்தின் மேல் போய் விழுந்தேன். ஆத்தா மலையேறிவிட்டாள் என்று எனக்கு விபூதி அடித்தார்கள். ஆத்தா பச்சைப் புடவை கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்று அந்த இடத்திலேயே முடிவாயிற்று. அந்த வருடத்திலிருந்து எங்கள் அம்மனுக்குத் திருவிழாவன்று பச்சைப் பட்டுதான்.

முட்டை தின்றவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். வரிசை நீளமாக இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. ஊர்க்கவுண்டரைக் கோயிலுக்குப் பின்னால் தனியாகக் கூப்பிட்டு, ஹீரோ, டப்பா, பூச்சு, பொட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என்மேல் ஆத்தா வரவில்லை, பயம்தான் வந்தது என்றேன். அவர் தலையில் சொட்டுகிற மஞ்சள் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"டேய். ஆத்தா வரலன்னா, நான் எதுக்குடா அத்தினி பேரு எதிர்ல பப்ஸ் தின்னதச் சொன்னேன்?"

"அதான்ணா..."

"வந்தா. அவ்ளோதான். வாய மூடிக்கினு நாளைக்குக் கரகத்தத் தூக்கு."

அட்டையை வாங்கி, கையை நீட்டித் தூரமாக வைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சைதான் என்று ஒத்துக்கொண்டார். "இந்த ஊர்ல சுத்தமா இருந்தவன் நீ ஒருத்தன்தான்னு நெனச்சாத்தான்டா வயிறு எரியுது," என்று சொல்லிவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றிக்கொள்ளப் போய்விட்டார்.

மறுநாள் கரகம் தூக்கினேன். சுனையிலிருந்து கோயில் வரைக்கும், பூச்சுற்றிய குடம் தலையில் இருக்க, கையால் பிடிக்காமல் நடந்தேன். யாரும் சிரிக்கவில்லை. செல்வி எனக்கு முன்னால் தண்ணீர் தெளித்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தாள். வழியெல்லாம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. உடம்பு சரியில்லையா என்று நாலு பேர் கேட்டார்கள்.

சேட்டுவுக்கு விஷயம் தெரிந்தபோது முதலில் அழுதான். அப்புறம், ஆத்தாவே கை வைத்த முகம் இந்த மாநிலத்தில் எங்கள் தலைவர் முகம் ஒன்றுதான் என்று தேற்றிக்கொண்டு, மூக்கில்லாத அட்டைக்கு பிரேம் போட்டு மன்றத்தில் மாட்டினான். அதைப் பார்த்துப் புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

செல்வியிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. சொல்லி முடித்ததும் அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. மேலே இருந்தது நான்தான் என்று அவளுக்கு அன்றைக்கே தெரியுமாம். நாக்கை நீட்டிக்கொண்டு சுரண்டுகிறவனை இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறவளுக்குத் தெரியாதா என்றாள். அப்படியென்றால் என் எதிரே ஏன் கைகூப்பி அழுதாள், ஏன் எல்லாவற்றையும் சொன்னாள் என்று கேட்டேன்.

"வேற எப்ப நான் பேசறத நீங்க குறுக்க பேசாம முழுசா கேட்டிருக்கீங்க?"

புவனா அதைக் கல்லூரித் தோழிகள் வரைக்கும் சொல்லிச் சிரித்தாயிற்று. இப்போதெல்லாம் செல்விக்கு என்னிடம் முக்கியமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து நடுக் கூடத்தில் போடுகிறாள்.

"ஏறி நில்லுங்க. ஒரு விஷயம் பேசணும்."

ஏறி நிற்கிறேன்.